சகலையும் நானும் எபர்ஹார்ட் வேபரும்

பேஸ் என்ற, அடித்தொனி தரும் தந்தி வாத்தியத்தை வாசிக்கும் ஜெர்மன்காரர் எபர்ஹார்ட் வேபர். அவர் வாசிப்பது ஜாஸ்தானா என்று என் சகலையிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். சென்னையில் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க எல்பி தட்டுகள். லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கில் ஆரம்பித்து எலிங்டன், மிங்கஸ், ஆர்ட் பிளேக்கி என்று ஜாஸ் ஜாம்பவான்களாகப் போகும். கல்லூரிக் காலத்திலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தவை. அந்தச் சுவரில் வேபருக்கு இடம் கிடையாது. "அது மசாஜ் பார்லர்ல போடற சங்கீதம் சகலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

நான் இருப்பது ஸ்டுட்கார்ட்டில். வேபர் 1940-ல் பிறந்த ஊரே இதுதான். ஊர்ப்பாசத்தில் நான் பேசுவதாகச் சகலை நினைக்கிறார். அப்படி இல்லை, இந்த ஊருக்கு வேலைக்கு வந்து ரொம்ப நாள் வரைக்கும் வேபர் என்ற பெயரே எனக்குத் தெரியாது. எங்களுக்குள் இந்தத் தகராறு பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இரண்டு பேரும் கேட்கிற விதம் கொஞ்சம் மாறியிருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு கலைஞரை மொத்தமாகத் தூக்கி ஜாஸ் என்ற வேலிக்கு உள்ளேயோ வெளியேயோ வைக்கக் கூடாது. தட்டு தட்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேபரில் பாதி எனக்கு ஐயமில்லாமல் ஜாஸ். மீதிப் பாதியை யாராவது ஜாஸ் இல்லை என்றால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

வேபர் எனக்கு வந்து சேர்ந்தது நாதஸ்வரம் வழியாக. இந்த ஊர்ப் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் வாரம் ஒரு குடித்தனம் முறைவைத்து மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும். என் முறை வந்த ஒரு சனிக்கிழமை, கையில் துடைப்பத்தோடு நின்றவனைக் கீழ்வீட்டுப் பெரியவர் நிறுத்தினார். பணி ஓய்வு பெற்றவர், அளந்துதான் பேசுவார். நான் தென்னிந்தியா என்பது அவருக்குத் தெரியும். உள்ளே போய் ஒரு பழைய எல்பியைக் கொண்டுவந்தார். 'யெல்லோ ஃபீல்ட்ஸ்'. பின்னட்டையில் வாத்தியக்காரர்கள் பட்டியலில் சார்லி மரியானோ என்ற பெயருக்குப் பக்கத்தில் சோப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய், நாகஸ்வரம் என்று அச்சிட்டிருந்தது. "இந்தக் கடைசி வாத்தியம் உங்கள் பக்கத்துடையதுதானே? அது எப்படி இருக்கும்?" என்று கேட்டார். ஜெர்மன் தட்டின் அட்டையில் நாகஸ்வரத்தைப் பார்த்துவிட்டு அதைக் கேட்காமல் எப்படி இருப்பது?

அன்று இரவு ஃபோனில் தேடிப் போட்டுக் கேட்டேன். ஏதோ மின்பியானோ ஓடியது, சிம்பல் சலசலத்தது, யாரோ ஊதினார்கள். பேஸ் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. மறுநாள் பெரியவர் வீட்டில் அவருடைய ஆளுயர ஸ்பீக்கரில் அதே தட்டைக் கேட்டபோதுதான் இது யாருடைய தட்டு என்று விளங்கியது. இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, வெறும் பௌதிகம். டபுள் பேஸ் என்ற ஆளுயர வாத்தியத்தின் கீழ்த் தந்தி, 'ஈ' (E) தந்தி, 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அடுத்தவை 55, 73, 98. ஃபோனின் குட்டி ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம் எட்டாது. மேலே கிளம்பும் கிளைச்சுரங்களை வைத்து நம் மூளை தானாகக் கொஞ்சம் நிரப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆகவே வேபரைக் கேட்பதென்றால் காதை முழுக்க மூடும் சுமாரான ஹெட்போனாவது வேண்டும். விலை உயர்ந்தது தேவையில்லை. அதோடு, ஈக்வலைசரில் பேஸைக் கூட்டிவைக்கும் பழக்கம் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அவர் பேஸ் இடிக்கிற பேஸ் அல்ல. கூட்டினால் கொழகொழவென்று ஆகிவிடும்.

இடிக்காத பேஸ் என்றால் என்ன என்பதற்கு அவர் கையில் இருந்த வாத்தியத்தைப் பார்க்க வேண்டும். வேபர் சின்ன வயதில் அப்பாவிடம் செல்லோ கற்றவர். பதின்வயதில்தான் பேஸுக்கு வந்தார். 1970-களில் அவர் வாசிக்க ஆரம்பித்தது நின்றுகொண்டு வாசிக்கிற மின் பேஸ். மெலிந்த உடம்பு, டபுள் பேஸின் பெரிய வயிறு கிடையாது. நான்கு தந்திக்கு மேல் ஐந்தாவதாக ஒரு மேல் ஸ்தாயி ஸி தந்தியைச் சேர்த்துக்கொண்டார். அந்தத் தந்தி 131 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது செல்லோ உலவுகிற இடம். ஆகக் கீழே பேஸாக இருந்துகொண்டே மேலே ஏறிச் செல்லோவாகப் பாட முடிந்தது. கட்டைகள் இல்லாத கழுத்து என்பதால் சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போகலாம். கமகம் பழகிய காதுக்கு இந்த வழுக்கல் உடனே பிடித்துவிடும். தட்டினதும் 'டும்' என்று விழுந்து அடங்கும் சாதாரண பேஸ் சுரம் போல இவர் சுரம் அடங்காது. மெதுவாகத் துளிர்த்து, நடுவில் பருத்து, லேசாக நடுங்கிக்கொண்டே தேயும். அதில் கொஞ்சம் எதிரொலிக் கருவியின் வேலையும் உண்டு.

'யெல்லோ ஃபீல்ட்ஸ்' 1975-ல் லூட்விக்ஸ்பர்க்கில் பதிவானது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து புறநகர் ரயிலில் கால் மணி நேரத்தில் போய்விடலாம். வேபர், கீபோர்டில் ரைனர் ப்ரூனிங்ஹவுஸ், ஊதுவாத்தியத்தில் மரியானோ, டிரம்ஸில் நார்வேக்காரர் யோன் கிறிஸ்டென்சன். வெளியிட்டது மான்ஃப்ரெட் ஐஷர் 1969-ல் மியூனிக்கில் தொடங்கிய ஈசிஎம். ஐஷரும் பேஸ் வாசித்தவர்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த நிறுவனத்தில் பேஸ் வாத்தியக்காரர்களுக்குக் கிடைத்த மரியாதைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். வேபருடைய பெரும்பாலான தட்டுகளின் அட்டை ஓவியம் அவர் மனைவி மாயா வேபருடையது. அட்டையைப் பார்த்தே தட்டை எடுத்தவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர் என்று பெரியவர் சொன்னார்.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தட்டின் முதல் உருப்படி 'டச்'. 5 நிமிடம்தான். அதில் கீபோர்டை விட்டுவிடுங்கள், மெலடியை விட்டுவிடுங்கள், கடைசி வரை பேஸை மட்டும் பின்தொடருங்கள். நம் ஆட்களுக்கு இது கஷ்டமே இல்லை. இளையராஜா பாட்டில் குரலை விட்டுவிட்டு பேஸ் கிடார் பின்னாலேயே போய்ப் பழகிய தலைமுறை நாம். பிறகு அதே தட்டின் கடைசி உருப்படி 'லெஃப்ட் லேன்'. ஜெர்மனியில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் ஆட்டோபானில் மற்றவரை முந்துவதற்கான இடது பாதைதான் நினைவுக்கு வரும். மற்ற உருப்படிகளின் சாந்தத்தை வைத்து இவரை எடைபோட்டவர்கள் இதைக் கேட்ட பிறகு கொஞ்சம் நிதானிப்பார்கள்.

அதற்கப்புறம்தான் 1973 கடைசியில் பதிவான முதல் தட்டு, 'தி கலர்ஸ் ஆஃப் க்ளோயி'. அதில் ஸ்டுட்கார்ட் வானொலி இசைக்குழுவின் செல்லோக்காரர்கள் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். எழுதி வைத்த இசைக்கும் அந்தந்த நேரத்துக் கற்பனைக்கும் எல்லை எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது. இதை முதலில் கேட்டால் சகலை கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள். 'யெல்லோ ஃபீல்ட்ஸ்'க்குப் பிறகு கேட்டால் வேறு மாதிரி கேட்கும். ஜாஸே ஒத்துவராது என்பவர்கள் ஆங்கிலப் பாப் பாடகி கேட் புஷ்ஷின் 1985 ஆல்பமான 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்'வில் 'மதர் ஸ்டாண்ட்ஸ் ஃபார் கம்ஃபர்ட்' கேளுங்கள். பாப் பாட்டுதான், ஆனால் அதன் அடியில் முனகிக்கொண்டே நகர்கிற பேஸ் வேபருடையது. இரண்டு வரி கேட்டாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். (இந்த விஷயம் பின்னால் வரும் சண்டைக்குத் தேவைப்படும்.)

இன்னும் ஒரு நடைமுறைக் குறிப்பு. ஈசிஎம் குறுந்தகடுகளில் முதல் சுரத்துக்கு முன் சில நொடி மௌனம் விட்டிருப்பார்கள். பாட்டும் ரொம்ப மெல்ல ஆரம்பிக்கும். கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினால் நடுவில் டிரம்ஸ் வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். நடுவில் வரும் உரத்த இடத்துக்குத் தகுந்த மாதிரி ஒலியை வைத்துவிட்டு, ஆரம்பத்தில் கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேட்பதுதான் வழி. 2017 கடைசி வரை இவர்களுடைய இசை இணையத் தளங்களில் முறையாகக் கிடைக்காது. இப்போது கிடைக்கிறது. எல்பிதான் வேண்டும் என்றால், ஸ்டுட்கார்ட் பக்கம் வருகிறவர்கள் சனிக்கிழமை கார்ல்ஸ்பிளாட்ஸ் பழம்பொருள் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றலாம். அட்டை அழகாக இருக்கிறதே என்று மட்டும் வாங்கிவிடாமல் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இந்த இசையில் மௌனம் அதிகம். ஒவ்வொரு கீறலும் தனியாகக் கேட்கும். பிளேக்கி தட்டில் கீறல் இருந்தால் அது பிளேக்கியோடு சேர்ந்து தாளம் போடும், இங்கே அந்தச் சலுகை கிடையாது.

சரி, சண்டைக்கு வருவோம்.

சகலை ஜாஸுக்கு மூன்று நிபந்தனை வைத்திருக்கிறார். தாளத்தில் ஸ்விங், அதாவது காலை ஆட்டவைக்கிற அந்த ஊசலாட்டம், இருக்க வேண்டும். ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு மரபு, ரத்தத்தில் ஓட வேண்டும். மேடையில் அந்த நொடியில் பிறக்கிற கற்பனை இருக்க வேண்டும். வேபரிடம் மூன்றாவது மட்டும், அதுவும் அரைகுறையாக, இருக்கிறது என்பது அவர் தீர்ப்பு.

முதலில் நான் எடுத்தது எல்லோரும் எடுக்கிற ஆயுதம். புதிதாக எது வந்தாலும் பழைய ஆட்கள் ஜாஸ் இல்லை என்றுதானே சொன்னார்கள்? 1940-களில் பீபாப் என்ற புதுப் பாணி வந்தபோது ஆர்ம்ஸ்ட்ராங்கே கிண்டல் செய்தார். 1959-ல் சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மன் நியூயார்க் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசித்தபோது பாதிப் பேர் ஏமாற்று வேலை என்றார்கள். 1961-ல் டவுன்பீட் பத்திரிகையில் இன்னொரு சாக்ஸபோன்காரரான கோல்ட்ரேன் வாசிப்பை ஜாஸுக்கு எதிரானது என்றே எழுதினார்கள். இன்றைக்கு இவர்கள் எல்லோருமே பாடப்புத்தகத்தில் இருக்கிறார்கள்.

சகலை அசரவில்லை. "அவங்க யாரும் ப்ளூஸை விட்டுட்டுப் போகலையே. ஆர்னெட் டெக்ஸாஸ்ல ப்ளூஸ் ஊதி வளர்ந்த ஆளு. கோல்ட்ரேன் எவ்வளவு தூரம் போனாலும் சர்ச் பாட்டும் ப்ளூஸும் கூடவே வரும். திட்டு வாங்கினதெல்லாம் ஜாஸ்னா, எதிர்வீட்டுப் பையன் ட்ரம்பெட் பழகறதும் ஜாஸ்தான்."

இதற்குப் பதில் கிடையாது. அந்த ஆயுதத்தை யாரும் எடுக்காமல் இருப்பது நல்லது. முன்பு தள்ளிவைத்தவை பின்னால் உள்ளே வந்தன என்பதால் தள்ளிவைத்த எல்லாமே உள்ளே வரத் தகுதியானவை என்று ஆகிவிடாது.

தாளம் பற்றிய வாதம் இன்னும் நன்றாக நடந்தது. அவருக்கு உயிரான, மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டே பியானோவும் பேஸும் தாளக்கட்டு இல்லாமல் மிதந்துகொண்டுதான் ஆரம்பிக்கிறது. அப்புறம் மெலடியைச் சொல்வதே பால் சேம்பர்ஸின் பேஸ்தான். 1961 ஜூனில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் பியானோக்காரர் பில் எவன்ஸோடு ஸ்காட் லஃபாரோ வாசித்ததில் பேஸ் எங்கே தாளம் போட்டது? பியானோவோடு மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டுதானே இருந்தது? அப்படியே போய் வீட்டுச் சரக்கையும் இழுத்தேன். ராக ஆலாபனையில் தாளம் கிடையாது, அதனால் அது கச்சேரி இல்லை என்பீர்களா?

"ஆலாபனை முடிஞ்சா கீர்த்தனை வரும்ல? உங்க ஆளு ஆலாபனையோட வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுக் கிளம்பிடறாரே!"

சிரித்துவிட்டேன். வேபருடைய சில தட்டுகளுக்கு இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் படித்ததில்லை. ஆனால் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்'க்கு இது பொருந்தாது. அதில் கீர்த்தனை வருகிறது, ஸ்வரமும் வருகிறது, தனி ஆவர்த்தனத்துக்கு வேண்டிய சரக்கும் கிறிஸ்டென்சனிடம் இருக்கிறது. அவர் சிம்பலைக் கவனியுங்கள். ஒவ்வொரு அடியையும் எண்ணிக் கொடுக்கமாட்டார். அடி விழ வேண்டிய இடத்தை நமக்கு உணர்த்திவிட்டு அதைச் சுற்றிச் சுற்றிப் போவார். மரியானோ ஒரு வாக்கியத்தை முடித்தால் அதன் வாலைப் பிடித்து வேபர் ஆரம்பிப்பார். ப்ரூனிங்ஹவுஸ் அது வரைக்கும் போட்டுக்கொண்டிருந்த கோலத்தைக் கலைத்துவிட்டு வழி விடுவார். ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டுப் பாதையை மாற்றிக்கொள்கிற இந்த வேலைக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

மரியானோவைச் சொன்னதும் சகலை கொஞ்சம் அடங்கினார். காரணம் உண்டு. அவர் சுவரில் முகப்பாக வைத்திருக்கும் மிங்கஸின் 1963 தட்டு, 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'. அதில் ஆல்ட்டோ சாக்ஸபோன் அழுது தீர்க்கிறது அல்லவா, அது இதே சார்லி மரியானோதான். பாஸ்டனில் பிறந்தவர், பீபாப் காலத்து ஆள். 1960-களில் மலேசியாவுக்குப் போன இடத்தில் நாதஸ்வரத்தில் மனதைப் பறிகொடுத்து முறையாகக் கற்றுக்கொண்டவர். பின்னால் ஐரோப்பாவிலேயே தங்கி 2009-ல் கொலோனில் காலமானார். 1983-ல் ஆர். ஏ. ரமாமணி, கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்குஷன் குழுவினரோடு 'ஜோதி' என்று ஒரு தட்டும் செய்திருக்கிறார். அவர் நாதஸ்வரம் நம் திருவீழிமிழலை வாசிப்பு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சாக்ஸபோன்காரரின் மூச்சுதான் கேட்கும். ஆனால் ஆள் வாத்தியத்தை வேடிக்கைப் பொருளாக வைத்துக்கொள்ளவில்லை என்பது கேட்டால் தெரியும். கீழ்வீட்டுப் பெரியவருக்கு நான் ஒரு மல்லாரியைப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "இது வீட்டுக்குள் வாசிக்கிற வாத்தியம் இல்லை போலிருக்கிறதே" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார்.

மிங்கஸோடு வாசித்தால் ஜாஸ், வேபரோடு வாசித்தால் இல்லையா என்று சகலையைக் கேட்டேன். "ஆளு ஜாஸ்காரரா இருக்கலாம் சகலை. அதுக்காக அவர் போய் நிக்கிற மேடையெல்லாம் ஜாஸ் மேடை ஆயிடுமா?" என்றார். பிறகு அவர் சொன்னதுதான் இந்தத் தகராறிலேயே கனமான விஷயம். ஜாஸ் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்க்கையிலிருந்து வந்தது. அதிலிருந்து ஸ்விங்கையும் ப்ளூஸையும் கழற்றி வைத்துவிட்டு, மிச்சத்தைச் சுத்தமான அறையில் அழகாகப் பதிவு செய்து, அதற்கும் அதே பெயரைச் சூட்டுவதில் ஒரு சுரண்டல் இருக்கிறது என்றார். ட்ரம்பெட்காரர் விண்டன் மார்சாலிஸ் மாதிரி ஆட்கள் 1980-களிலிருந்து இதே திசையில்தான் பேசிவருகிறார்கள். இதை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

என்னிடம் இருந்தது பாதிப் பதில்தான். ஈசிஎம்மின் முதல் தட்டே கறுப்பினப் பியானோக்காரர் மால் வால்ட்ரனுடையது. அதே நிறுவனத்துக்கு வாசித்த சிகாகோவின் ஆர்ட் என்செம்பிள் குழுவினர் தங்கள் இசையை ஜாஸ் என்று அழைப்பதையே விரும்பவில்லை, 'கிரேட் பிளாக் மியூசிக்' என்றார்கள். எலிங்டனுக்கும் மிங்கஸுக்கும்கூட அந்தப் பெயரோடு சிநேகம் இல்லை. உருவாக்கினவர்கள் வேண்டாம் என்று கழற்றி வைத்த பெயரை, 2015-ல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றின் துணைத்தலைப்பில் ஒரு ஜெர்மன் ஜாஸ் கதை என்று வேபர் மாட்டிக்கொள்கிறார். வேடிக்கைதான். இதை வைத்து யார் ஜெயித்தார்கள் என்று கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. ஆனால் வேபரைக் கேட்கிறவர்கள் அவரோடு நிறுத்திக்கொள்ளாமல் மிங்கஸையும் ஜிம்மி பிளான்டனையும் கேட்க வேண்டும் என்பதில் சகலை கட்சிதான் நானும். பேஸ் தனி ஆளாக எழுந்து பேசலாம் என்று 1940 வாக்கில் எலிங்டன் குழுவில் இருந்து காட்டிக்கொடுத்தவர் பிளான்டன். அந்தக் கதவு திறந்திருக்காவிட்டால் வேபருக்குப் போக வழி இருந்திருக்காது.

ஒரு ஈஸ்டர் விடுமுறைக்குச் சகலை குடும்பத்தோடு ஸ்டுட்கார்ட் வந்திருந்தார். அக்காவும் தங்கையும் சமையலறையில் ஊர்க்கதை பேச ஆரம்பித்ததும் நாங்கள் இருவரும் ஸ்பீக்கர் இருக்கிற அறைக்கு நகர்ந்தோம். பெயர் சொல்லாமல் சில துண்டுகளைப் போட்டுக் காட்டுவது என்று ஏற்பாடு. கால் தாளம் போடுகிறதா என்று பார்ப்பதுதான் என் உள்நோக்கம். நடுவில் கேட் புஷ் பாட்டின் இடையிசையை மட்டும் போட்டேன். அது பாப் பாட்டு என்பதுகூட அவருக்குத் தெரியாது. பேஸ் இரண்டு சுரம் இறங்கியதும் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. இது உங்க ஆளுதானே?"

எப்படித் தெரிந்தது என்றேன். "இந்த இழுப்பு வேற யாருக்கு வரும்?" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. காரணம், அவருக்கு எழுதப்படாத நாலாவது நிபந்தனை ஒன்று உண்டு. ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்வார். லெஸ்டர் யங்கா, மைல்ஸா, இரண்டு சுரத்தில் ஆளைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். தன் குரல் இல்லாதவன் எவ்வளவு வேகமாக ஸ்விங் அடித்தாலும் ஜாஸ்காரன் இல்லை. அந்தப் பரீட்சையில் வேபர் அவர் கண் முன்னாலேயே தேறிவிட்டார். கால் தாளம் போட்டதா என்று பார்க்க மறந்தே போனேன்.

"குரல் இருக்கு, ஒத்துக்கறேன். வீடுதான் வேற" என்று எழுந்து காப்பி கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குமேல் அவரை நெருக்கவில்லை. வாட்ஸப்பில் இதையே மாதக்கணக்காகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம்; ஒரே அறையில் ஒரே ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தபோது நகர்ந்த அளவு அதில் நகரவில்லை. இசை பற்றி யாரோடாவது மல்லுக்கு நிற்பதாக இருந்தால் எந்தத் தட்டு, எந்த நிமிடம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் 'பெண்டுலம்' தட்டை நினைத்துத் திட்டிக்கொண்டிருப்பார், நீங்கள் 'லெஃப்ட் லேனை' நினைத்துப் பாராட்டிக்கொண்டிருப்பீர்கள். எங்கள் சண்டையில் பாதி அப்படித்தான் போனது.

'பெண்டுலம்' 1993-ல் வந்தது. முழுக்க வேபர் தனியாக, பேஸ் மேல் பேஸை அடுக்கி வாசித்தது. எனக்குப் பிடிக்கும். ஆனால் தன் எதிரொலியோடு தானே பேசிக்கொள்கிற ஒருவரிடம் அந்த ஒருவரை ஒருவர் கேட்கும் வேலை நடக்கிறதா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் உண்டு. அதை ஜாஸ் இல்லை என்று சகலை சொன்னால் தலையாட்டிவிடுவேன்.

சிக்கலான வழக்கு 'ரெஸ்யூமே'. 2007-ல் பெர்லினில் நார்வே சாக்ஸபோன்காரர் யான் கார்பாரெக் குழுவோடு வாசிக்கப் போன இடத்தில் வேபருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் போயிற்று. பேஸ் வாசிப்பவருக்கு இடது கை என்றால் சுரம் பிடிக்கிற கை. அதோடு வாசிப்பு நின்றது. பல வருஷம் கார்பாரெக்கோடு ஊர் ஊராகப் போனபோது கச்சேரி நடுவே தனியாக அவர் வாசித்த பகுதிகள் ஒலிநாடாவில் இருந்தன. அவற்றை எடுத்து, வெட்டி ஒட்டி, ஒரு கையால் கீபோர்டில் சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, கார்பாரெக்கையும் டிரம்ஸுக்கு மைக்கேல் டிபாஸ்க்வாவையும் வரவழைத்து 2012-ல் இந்தத் தட்டைக் கொண்டுவந்தார். உருப்படிகளுக்குப் பெயர் எல்லாம் வாசித்த ஊர்கள்: டூபிங்கன், கார்ல்ஸ்ரூ, ஆம்ஸ்டர்டாம், கிரெனோபிள். 2015-ல் இதே முறையில் 'என்கோர்' வந்தது. அதில் 'க்ளோயி' தட்டில் வாசித்த ஆக் ஃபான் ரோயன், ட்ரம்பெட் மாதிரியான ஃப்ளூகல்ஹார்ன் வாசித்திருக்கிறார்.

இது ஜாஸா? வேபர் வாசித்த பகுதி மேடையில் அந்த நொடியில் பிறந்தது. கார்பாரெக் அதற்குப் பதில் சொல்வது சில வருஷம் கழித்து ஸ்டுடியோவில். பதிலைக் கேட்டு வேபரின் பேஸ் மாற முடியாது. உரையாடலில் ஒரு பக்கம் உறைந்துபோயிருக்கிறது. என் அளவுகோலைக் கறாராக வைத்தால் இதுவும் வெளியேதான். ஆனால் டிபாஸ்க்வா உள்ளே நுழையும் இடங்களைக் கேட்டால் என் அளவுகோல் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. 2015 ஜனவரியில் வேபரின் 75-வது பிறந்தநாளை ஒட்டி ஸ்டுட்கார்ட் தியேட்டர்ஹவுஸில் நடந்த கச்சேரியில் அமெரிக்க கிடார்காரர் பாட் மெத்தினி இதையே இன்னொரு படி மேலே கொண்டுபோனார். வேபர் வாசித்த பழைய காணொளித் துண்டுகளைத் திரையில் ஓடவிட்டு, அதற்கு எஸ்டபிள்யூஆர் பிக் பேண்டோடு (வானொலியின் பெரிய ஜாஸ் குழு) சேர்ந்து வாசிக்கும்படி அரை மணி நேர உருப்படி ஒன்றை எழுதியிருந்தார். பதிவாகவும் கிடைக்கிறது.

அந்தப் பதிவைச் சகலைக்கு அனுப்பினேன். பிக் பேண்ட் ஸ்விங் அடிக்கிற இடங்களைக் கச்சிதமாக நிமிடம் குறித்து எழுதி, "இது வரைக்கும் ஜாஸ்" என்று ஒரு பட்டியல் அனுப்பினார். அதில் மூன்றாவது இடம் எனக்கு ஸ்விங்காகவே படவில்லை. அதைப் பற்றி எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அவர் அடுத்த தடவை வரும்போது வில்லேஜ் வேன்கார்ட் பதிவை எல்பியில் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், பெரியவர் ஸ்பீக்கரில் கேட்க வேண்டுமாம்.